பெரிய கோச்சின் பின்னணி

“தண்ணின்னு எங்கேயும் வரக் கூடாது,” என்றாள் மனைவி. “குளம், ஈரம், துண்டு, எதுவும் வரக் கூடாது.”

“அதெல்லாம் போனா என் பின்னணியில அப்புறம் என்ன மிச்சம்?” என்றார் மாஸ்டர்.

சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத் தாள் கிடந்தது. அதன் உச்சியில் ‘டென்னிஸ் துணைப் பயிற்சியாளரின் பின்னணி’ என்று நல்ல கையெழுத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார். கோட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

காரணம் எளிது. மாஸ்டருக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு நீச்சல். அந்தச் சின்னக் கல்லூரியில் நீச்சல் சொல்லிக்கொடுக்கத்தான் அவர் சேர்ந்தார். குளத்தில் விரிசல் விட்டது. பூசினார்கள், மறுபடி விட்டது. கடைசியில் மண்ணைக் கொட்டி மூடி, மேலே கார்களை நிறுத்த ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கு மாஸ்டர் வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். வாளித் தண்ணீரைப் பார்த்தாலே அழுகை வந்தது.

மறுநாள் பழைய முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். “நீச்சலும் விளையாட்டு, டென்னிஸும் விளையாட்டு. டென்னிஸுக்கு ஒரு பெரிய கோச் வரப்போறார். நீங்க அவருக்குத் துணையா இருங்க.” இதைச் சொன்ன கையோடு அவர் ஓய்வு பெற்றுக் கிளம்பிவிட்டார். பிறகு வந்த புது முதல்வருக்கு, கல்லூரியில் ஒரு குளம் இருந்த விஷயமே தெரியாது. மாஸ்டரும் தெரியப்படுத்தவில்லை.

இப்போது மேலிடத்திலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. பயிற்சியாளர்களின் பின்னணியைத்தான் குடைகிறார்களாம். பக்கத்துக் கல்லூரியில் கூடைப்பந்து கோச் உண்மையில் தையல் ஆசிரியர் என்று கண்டுபிடித்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டதும்தான் மாஸ்டர் இந்த வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். குளம் போயிற்று. இந்தப் பிள்ளைகளும் போய்விட்டால், அவர் எங்கே போய் யாரைப் பார்த்து விசில் ஊதுவார்?

“மெடல் வாங்கியிருக்கீங்கல்ல? அதை எழுதுங்க,” என்றாள் மனைவி.

“அது நீச்சலுக்கு.”

“எதுக்குன்னு யாரு கேட்டா? ‘மாநில அளவில் பதக்கம் பெற்றவர்.’ முற்றுப்புள்ளி வெச்சுடுங்க.”

வைத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

“நீந்தும்போது என்னென்ன பண்ணுவீங்க?”

“ரெண்டு கையையும் மாத்தி மாத்திப் போடுவேன்.”

“‘இரு கைகளையும் சமமாகப் பயன்படுத்தக் கூடியவர்.’ அப்புறம்?”

“மூச்சை அடக்குவேன்.”

“‘மூச்சுக் கட்டுப்பாட்டில் வல்லவர்.’ அப்புறம்?”

“பக்கத்துல வர்றவனைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்.”

“‘எதிராளியை ஒரு பொருட்டாகவே மதிக்காதவர்.’ போதும், கையெழுத்துப் போடுங்க.”

மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். ‘வலிக்குமா?’ என்று நடுங்குகிறவர்களிடம், ‘டாக்டர் ரொம்பப் பொறுமைசாலி’ என்று நாள் முழுக்கப் பதில் சொல்லிப் பழகியவள். ஒரு பொய்யும் சொல்லாமல் உண்மையை ஒளித்துவைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

முதல்வர் அதைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“மாஸ்டர்! மாநில அளவில மெடலா? இத்தனை நாளா வாயைத் திறக்கலையே நீங்க!”

“அதெல்லாம் பழசு சார்,” என்றார் மாஸ்டர். அது சத்தியமான உண்மை.

“தன்னடக்கம் போதும். குழு வர்ற அன்னைக்கு நீங்க ஆடிக் காட்டறீங்க. அவங்க வாயடைச்சுப் போகணும்.”

முதலில் வாயடைத்துப் போனவர் மாஸ்டர்தான். ஒரு நிமிடம் கழித்து, எங்கிருந்தோ ஒரு யோசனை வந்தது. அது பெரிய கோச்சின் உருவத்தில் வந்தது.

“சார், பெரிய கோச் இருக்கும்போது நான் மட்டையை எடுத்தா நல்லா இருக்காது. அவருக்கு நான் துணைதான்.”

முதல்வர் ஜன்னலுக்குப் போனார். அவர் அறை மாடியில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் டென்னிஸ் கோர்ட்டும், வேலியோரம் கிடக்கும் பெஞ்சும் தெரியும்.

“ஆமா, அவரை நான் தினமும் இங்கேருந்து பாக்கறேன். என்ன கம்பீரம்! ஆபீஸ்ல விசாரிச்சேன், இதுவரைக்கும் அவர் சம்பளம்னு ஒண்ணும் வாங்கினதே இல்லையாம். இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷன்!” மாஸ்டர் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்றதும் சரிதான். தனியா ஆட வேண்டாம். அவரை எதிர்த்தே ஆடுங்க. அவரோட பின்னணியும் எனக்கு வேணும், கேட்டு வாங்கிடுங்க.”

மாஸ்டர் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

பெரிய கோச்சைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். குளத்தை மூடியதற்கு அடுத்த வாரம் மாஸ்டர் முதல்முறையாகக் கோர்ட்டுக்குப் போனபோதே, அவர் அந்தப் பெஞ்சில் இருந்தார். வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, நிமிர்ந்த முதுகு. உடம்பு அசையாது, முகம் மட்டும் பந்தோடு போய்ப் பந்தோடு வரும். யாரும் அறிமுகம் செய்துவைக்கத் தேவையே இருக்கவில்லை.

“வணக்கம் சார். நான்தான் இங்கே…” என்று மாஸ்டர் இழுத்தார்.

“வணக்கம் மாஸ்டர். உங்களைப் பத்திச் சொன்னாங்க. பிள்ளைங்களைப் பாத்துக்குங்க,” என்றார் அவர்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவரைக் கேட்காமல் மாஸ்டர் ஒரு பந்தைக்கூட உருட்டியதில்லை.

“சார், இன்னைக்கு ஓட்டமா, சர்வீஸா?”

“வெயில் கொளுத்துதே மாஸ்டர். ஓட விட வேணாமே.”

ஓட்டம் ரத்தாகிவிடும்.

“சார், கொஞ்சம் கூடுதல் நேரம் ஆடவிடலாமா?”

“இருட்டறதுக்குள்ள முடிச்சா நல்லது. வீட்டுல தேடுவாங்க.”

பிள்ளைகளின் வீட்டைப் பற்றியெல்லாம் நினைக்கிற கோச் எங்கே கிடைப்பார்? மாஸ்டர் உருகிப்போவார்.

இன்னொரு விஷயத்திலும் அவர் உருகினார். பெரிய கோச்சுக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. நன்றாக அடித்தால் யாராக இருந்தாலும் கைதட்டுவார். ஒரே ஒரு பெண்ணிடம் மட்டும் கொஞ்சம் கறார். எந்தப் பந்து போனாலும் திருப்பி அனுப்பிவிடுவதால் அவளுக்கு ‘சுவர்’ என்று பெயர். அதிகம் பேசாதவள், எல்லோரும் போன பிறகும் கடைசிப் பந்துவரை பொறுக்கிவைத்துவிட்டுத்தான் நகர்வாள். எவ்வளவு அழகாக ஆடினாலும் பெரிய கோச் அவளைப் பாராட்டியதில்லை. பெஞ்சுப் பக்கம் வந்தால், “தண்ணி குடிச்சியா?” என்று மட்டும் கேட்பார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். திறமைசாலிகளைப் புகழ்ந்து கெடுக்கக் கூடாது என்பது மாஸ்டருக்கு அதிலிருந்து புரிந்தது. தண்ணீரின் அருமை ஏற்கெனவே புரிந்திருந்ததால், அன்றிலிருந்து அணி முழுவதையும் குடிக்கவைத்துக் குடிக்கவைத்து, பாதிப் பயிற்சியில் பிள்ளைகள் கழிப்பறைக்கு ஓடும்படி ஆயிற்று.

ஒருமுறை பெரிய கோச் சில நாட்கள் வரவில்லை. அந்த நாட்களில்தான் சுவரும் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்திருந்தாள். ஊரில் ஏதோ காய்ச்சல் சுற்றுகிறது என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். காலியான பெஞ்சைப் பார்த்துப் பார்த்து, எதைச் சொல்லிக்கொடுப்பது என்று தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். “அடிக்கும்போது மூச்சை விடு. விட்டுட்டு அடிக்காதே, அடிச்சுட்டு விடாதே. மூச்சும் மட்டையும் ஒண்ணாப் போகணும்.” அந்தப் பருவத்தில் அணி கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் அரையிறுதி வரை போனது. பேருந்தில் திரும்பி வரும்போது, “எல்லாம் பெரிய கோச்சோட ஆசீர்வாதம்,” என்று மாஸ்டர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதல்வரைப் பார்த்த அன்று மாலை மாஸ்டர் பெஞ்சின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். மடியில் தாள், கையில் பேனா. பெயர் கேட்பது மரியாதையாகப் படவில்லை. தலைப்பில் ‘பெரிய கோச்’ என்றே எழுதிக்கொண்டார்.

“சார், உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். முதல்வர் கேக்கறார்.”

“என்னைப் பத்தியா? அவருக்கு எதுக்கு?”

“குழு வருதில்லையா சார். எல்லாரைப் பத்தியும் தெரிஞ்சுக்கணுமாம்.”

“காலேஜ் ரொம்ப முன்னேறிடுச்சு போல,” என்றார் பெரிய கோச். “சொல்ல என்ன இருக்கு மாஸ்டர்? காலமெல்லாம் வெயில்ல நின்னேன். முழங்கால் போனதுதான் மிச்சம்.”

“எத்தனை பேரைப் பாத்திருப்பீங்க!”

“ஆயிரம் ஆயிரமா. எல்லாரையும் பத்திரமா அனுப்பிவெச்சேன். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தவன் ஒருத்தனாவது திரும்பிப் பாத்து ஒரு நன்றி சொல்லியிருப்பானா?”

குளத்தில் தன்னிடம் கற்றவர்களும் அப்படித்தானே என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

“ரொம்பக் கண்டிப்பா இருந்திருப்பீங்க சார்.”

“கையைக் காட்டினா போதும், ஒரு பய நகர மாட்டான்.”

‘ஆயிரக்கணக்கானோரைக் கரை சேர்த்தவர்’ என்று எழுதினார் மாஸ்டர். கரை என்றால் தண்ணீர் வந்துவிடுமே என்று அதை அடித்துவிட்டு, ‘உயர்த்திவிட்டவர்’ என்று மாற்றினார். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டு அடுத்ததை ஆரம்பித்தார்.

“அப்புறம் சார், அன்னைக்கு நீங்களும் நானும் எதிரெதிரா நின்னு கொஞ்சம் ஆடணும்னு முதல்வர் ஆசைப்படறார். உங்களுக்கு முழங்கால் சரியில்லை. முடியாதுன்னு சொல்லிட்டீங்கன்னா நான் அப்படியே போய்…”

பெரிய கோச் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்களை மாஸ்டர் அன்றுதான் பார்த்தார். பெரிய கோச்சுக்கு வேண்டிய நெருப்பு ஒன்றும் அதில் இல்லை, சாதுவான கண்கள்.

“நானா? நான் மட்டையைத் தொட்டே…”

“ரொம்ப நாளாச்சு. தெரியும் சார். அதனாலதான் சொல்றேன், வேண்டாம்னுடுங்க.”

பெரிய கோச் கோர்ட்டைப் பார்த்தார். சுவர் குனிந்து பந்துகளைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் ஆடினா பிள்ளைங்களுக்குச் சந்தோஷமா இருக்குமா?”

மாஸ்டருக்குப் பொய் வரவில்லை. “ரொம்பப் பெருமையா இருக்கும் சார்.”

“அப்ப சரி. இத்தனை அக்கறையா பிள்ளைங்களைப் பாத்துக்கறீங்க, நீங்க கேட்டு நான் மாட்டேன்னு எப்படிச் சொல்றது?”

இப்படியாக, தப்பிக்க இருந்த கடைசி வழியையும் மாஸ்டர் தன் வாயாலேயே அடைத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி ஒரு வழி சொன்னாள். அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழே வண்டி நிறுத்துமிடம் இருந்தது. அங்கே அவள் பந்தை வீச, மாஸ்டர் அடித்துப் பழகுவது என்று ஏற்பாடு.

முதல் பந்தை அவர் தொடவில்லை. இரண்டாவது பந்து அவரைத் தொட்டது. மூன்றாவதை உயிரைக் கொடுத்து அடித்தார். அது நேரே போய்ச் சுவரிலிருந்த மின் பெட்டியின் பெரிய சுவிட்சில் பட்டது. கட்டடம் முழுவதும் மின்சாரம் நின்றது. படிக்கட்டில் செருப்புச் சத்தங்கள் இறங்கிவந்தன. எல்லோருக்கும் முன்னால் வீட்டுக்காரர் வந்தார்.

“யாரு அது?”

“நாங்கதான் மாமா,” என்றாள் மனைவி, அவர் கையிலிருந்த மட்டையைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. “சத்தம் கேட்டு என்னன்னு பாக்க வந்தோம்.” அவர்கள் சத்தம் கேட்டு வந்தது உண்மைதான், சத்தத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

மின்சாரம் திரும்பி வந்து கூட்டம் கலைந்ததும் அவள் மட்டையை நீட்டிப் பிடித்தாள். “நீங்க வீசுங்க, நான் அடிக்கறேன். என்னதான் கஷ்டம்னு பாக்கறேன்.” மாஸ்டர் வீசினார். அவள் அடித்த பந்து தரையோடு பாய்ந்து, தூணில் பட்டு, அவர் கைக்கே திரும்பி வந்தது. மறுபடி வீசினார். மறுபடியும் அப்படியே வந்தது.

“இதை எங்கே கத்துக்கிட்ட?”

“எங்கே போய்க் கத்துக்கறது? தினமும் தூக்கத்துல ‘மூச்சை விட்டு அடி, மூச்சை விட்டு அடி’ன்னு உசிரை வாங்கறீங்களே, அதுதான்.”

மாஸ்டர் இடிந்துபோய் ஒரு ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்தார். “எல்லாருக்கும் வருது. எனக்குத்தான் வரலை.”

அவளுக்குப் பாவமாகிவிட்டது. பக்கத்தில் வந்து நின்றாள். “விடுங்க. அன்னைக்கு வலது கையில பெரிசா ஒரு கட்டுப் போட்டுக்கிட்டுப் போங்க. கட்டுப் போட்ட ஆளை யாரு ஆடச் சொல்லுவா?”

ஆய்வு நாளன்று மாஸ்டரின் வலது கை, முழங்கை முதல் விரல் நுனி வரை வெள்ளைவெளேர் என்று இருந்தது. முதல்வர் பார்த்ததும் பதறிப்போனார்.

“ஐயையோ! என்ன மாஸ்டர் இது?”

“வழுக்கிட்டேன் சார்,” என்றார் மாஸ்டர். எதிலிருந்து எதற்குள் வழுக்கினார் என்பதை விளக்கவில்லை.

முதல்வரின் முகம் சோர்ந்தது. மாஸ்டரின் நெஞ்சு லேசாகியது. இரண்டும் ஒரு கணம்தான்.

“நல்ல வேளை!” என்று கையைத் தட்டினார் முதல்வர். “வலது கைதானே? ‘இரு கைகளையும் சமமாகப் பயன்படுத்தக் கூடியவர்’னு உங்க குறிப்புலயே இருக்கு. இடது கையால ஆடுங்க! குழு அசந்துபோயிடும்!”

குழுவின் தலைவி உயரமான அம்மாள். கையில் குடை, குடையைவிட நீளமான பார்வை. காலையிலிருந்து பிள்ளைகளின் ஆட்டத்தை ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தார். தையல் ஆசிரியரைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று யாரோ மாஸ்டரின் காதில் ஓதினார்கள். அது யாரென்று தெரிந்திருந்தால் மாஸ்டர் அந்த ஆளை ஆயுள் முழுக்க மன்னித்திருக்க மாட்டார்.

கடைசியில் இருவரும் கோர்ட்டில் இறங்கினார்கள். பெரிய கோச் அன்றைக்குச் சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்துப் போட்டிருந்தார். வலைக்கு அந்தப் பக்கம் நட்டநடுவில் போய், காலை அகட்டி நின்றார். வேலியோரம் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். சுவர் மட்டும் மட்டையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

‘என் லட்சணம் அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு,’ என்று நினைத்தார் மாஸ்டர். அவமானமாக இருந்தது.

இடது கையால் முதல் சர்வீஸ் போட்டார். பந்து பெரிய கோச்சின் தலைக்கு மேலே பறந்து, வேலியைத் தாண்டி, ஒரு காலத்தில் குளமாக இருந்த இடத்தில் நின்ற கார் ஒன்றின்மேல் ‘டங்’கென்று விழுந்தது. பெரிய கோச் அசையவில்லை.

“பாத்தீங்களா,” என்று முதல்வர் தலைவியிடம் கிசுகிசுத்தார். “வெளியே போகும்னு முன்னாடியே கணிச்சுட்டார்.”

இரண்டாவது சர்வீஸ் நேரே பெரிய கோச்சை நோக்கியே போனது. அவர் மட்டையை இடுக்கிக்கொண்டு, வலது கையை உயர்த்தி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பந்து வலையின் மேல் விளிம்பில் மோதி, அந்தப் பக்கமே போகாமல், மாஸ்டரின் காலடிக்கே உருண்டு வந்து நின்றது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். பந்தே பணிகிறது என்றால் பெரிய கோச் பெரிய கோச்தான் என்று, அந்த நிலையிலும் மாஸ்டருக்கு மெய்சிலிர்த்தது.

அடுத்து பெரிய கோச்சின் முறை. அவர் பந்தை மட்டையின்மேல் வைத்துச் சும்மா தள்ளிவிட்டார். பந்து எப்படியோ வலையைத் தாண்டி, மாஸ்டருக்கு எட்டாத தூரத்தில் மெதுவாக இறங்கியது. மாஸ்டருக்கு மூளை நின்றுவிட்டது. மூளை நின்றால் உடம்பு பழக்கத்தைச் செய்யும். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, தலையைக் கவிழ்த்து, கால்களால் எம்பிப் பாய்ந்தார். அருமையான பாய்ச்சல். கீழே தண்ணீர் மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கும் ஒரு மெடல் உண்டு.

தரையில் வழுக்கிக்கொண்டே போய், வலைக்கடியில் நின்றார். முகவாய் உரிந்தது. வலது கைக் கட்டு அவிழ்ந்து நீளமாகப் பின்னால் கிடந்தது. உள்ளே ஒரு கீறல்கூட இல்லாத கை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

குடை நெருங்கி வந்தது.

“ஆட்டம் போதும்,” என்றார் தலைவி. “உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரே ஒரு கேள்வி. டென்னிஸுக்கு வர்றதுக்கு முன்னாடி நீங்க யாரு?”

எழுதிக்கொடுத்த எந்த வரியும் மாஸ்டரின் நினைவுக்கு வரவில்லை. போயிற்று, எல்லாம் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் பெரிய கோச் முன்னால் வந்து விறைப்பாக நின்றார்.

“நான் டிராஃபிக் போலீஸா இருந்தேன்மா.”

முதல்வர் விழுந்து விழுந்து சிரித்தார். “பந்தைக் கை காட்டி நிறுத்தினாரே, அதைச் சொல்றார் மேடம்! எப்பவும் இப்படித்தான், தன்னைப் பத்திப் பெருமையா ஒரு வார்த்தை வராது!” அவரைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். தலைவியின் உதட்டோரம்கூட லேசாக அசைந்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் பெரிய கோச். மற்றவர், அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தபடி வலைக்கடியில் கிடந்த மாஸ்டர்.

“சரி,” என்றார் தலைவி. “உங்க ஆட்டத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல விரும்பலை. ஆனா காலையில பிள்ளைங்க ஆட்டத்தைப் பாத்தேன். ஒருத்தருக்குக்கூட மூச்சு வாங்கலை. பெரிய பெரிய காலேஜ்லகூட இதை நான் பாத்ததில்லை. யாரு சொல்லிக்கொடுத்தது?”

பிள்ளைகள் ஒன்றாகக் கையை நீட்டினார்கள். அத்தனை கைகளும் வலைக்கடியைக் காட்டின.

“நான் இல்லை மேடம்,” என்று மாஸ்டர் அவசரமாக எழுந்தார். “எல்லாம் பெரிய கோச்சோட மேற்பார்வை.”

“யாரா வேணா இருக்கட்டும். ஆடத் தெரிஞ்ச கோச்சுங்களை நிறையப் பாத்துட்டேன். இந்த டென்னிஸ்ல கையை வைக்க வேண்டாம், இப்படியே இருக்கட்டும்,” என்று முதல்வரிடம் சொல்லிவிட்டு, தலைவி குடையை விரித்துக்கொண்டு கிளம்பினார். முதல்வர் பின்னாலேயே ஓடினார்.

கோர்ட் காலியாகும்வரை மாஸ்டர் அங்கேயே நின்றார். அழுகை வந்தது. குளத்தை மூடிய அன்று வந்த அழுகை இல்லை இது. முகவாயைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். இந்த முறை ஓரத்தில் இல்லை, நன்றாகவே உட்கார்ந்தார்.

“சார், நீங்க நிஜமாவே டிராஃபிக் போலீஸா?”

“ஆமா மாஸ்டர். ஏன் எல்லாரும் சிரிச்சாங்கன்னுதான் எனக்குப் புரியலை.”

மாஸ்டரின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இவரும் நம்மைப் போலத்தான்! எங்கிருந்தோ பிடித்துவந்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள், பாவம்.

“அப்ப நானும் சொல்லிடறேன் சார். எனக்கு டென்னிஸ்ல அ, ஆ கூடத் தெரியாது. நான் நீச்சல்காரன்.”

“தெரியுமே,” என்றார் பெரிய கோச் சாவகாசமாக. “குளத்தை மூடினப்பவே பேசிக்கிட்டோம், பாவம் அந்த மாஸ்டர் என்ன பண்ணுவாரோன்னு.”

“தெரிஞ்சுமா என்னை இத்தனை நாள் வெச்சிருந்தீங்க?”

“உங்களை வெச்சுக்க நான் யாரு மாஸ்டர்?”

இந்தப் பெருந்தன்மையைக் கேட்டு மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வழக்கம்போல் கேட்டார்.

“நாளைக்கு என்ன வெச்சுக்கலாம் சார்? ஓட்டமா, சர்வீஸா?”

பெரிய கோச் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். “வெயில் கம்மியா இருந்தா…”

அதற்குள் சுவர் பந்துக் கூடையை அறையில் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். பெஞ்சுக்கடியில் எப்போதும் இருக்கும் இரண்டு ஹெல்மெட்டுகளில் சின்னதை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

“அப்பா, எனக்கு லைசென்ஸ் வந்துடுச்சு, நாளையிலேருந்து என்னைக் கூட்டிட்டுப் போக நீங்க இங்கே வந்து காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்.”